அறுபது நாள் சட்டம், ஆண்டுக்கணக்கில் வாய்தா

புதுதில்லி: விவாகரத்து வழக்கில் இறுதித் தீர்ப்பு என்றைக்கு வரும் என்பதை அந்த வழக்கை விசாரிக்கும் நீதிபதியாலும் முன்கூட்டிச் சொல்ல இயலாது. வீட்டு வாடகை மட்டும் மாதந்தோறும் தவறாமல் வந்துவிடுகிறது. குழந்தையின் பள்ளிக் கட்டணத்துக்குக் கெடு உண்டு. மளிகைக் கடைக்காரர் தீர்ப்பு வரட்டும் என்று காத்திருப்பதில்லை. வருமானம் இல்லாமல் தாய்வீட்டுக்குத் திரும்பிய பெண்ணுக்கு, வழக்கின் முடிவைக் காட்டிலும் வழக்கு நடக்கும் காலத்தை எப்படிக் கடப்பது என்பதே முதல் கேள்வியாகிறது.

இந்தக் கேள்விக்கு இந்தியச் சட்டம் தந்துள்ள விடைதான் இடைக்கால ஜீவனாம்சம். யார் மீது குற்றம், திருமணம் முறிய வேண்டுமா வேண்டாமா என்ற விவாதங்கள் முடியும் வரை, வசதி உள்ளவர் வசதி இல்லாதவருக்கு மாதந்தோறும் ஒரு தொகையும் வழக்குச் செலவும் தர வேண்டும் என்பது அதன் சாரம். இதற்கான மனுவை இயன்ற வரை 60 நாட்களுக்குள் முடிக்க வேண்டும் என்று நாடாளுமன்றம் 2001-ஆம் ஆண்டிலேயே சட்டத்தில் எழுதி வைத்தது. அந்த வரி எழுதப்பட்டுக் கால் நூற்றாண்டாகிறது. ஆனாலும் குடும்பநல நீதிமன்றங்களின் வாசலில் ‘இடைக்காலம்’ என்ற சொல்லுக்கு மாதக் கணக்கு போய் ஆண்டுக் கணக்கு வந்துவிட்டது.

சட்டத்தின் கதவுகள்

இடைக்கால ஜீவனாம்சம் கோர ஒரே வழிதான் என்றில்லை. இந்துத் திருமணச் சட்டம், 1955-இன் 24-ஆவது பிரிவு, விவாகரத்து உள்ளிட்ட திருமண வழக்குகள் நிலுவையில் இருக்கும்போது பொருந்தும். தம் வாழ்க்கைக்கும் வழக்குச் செலவுக்கும் போதிய தனி வருமானம் இல்லாத எவரும் இதன் கீழ் மனு செய்யலாம். ‘மனைவி அல்லது கணவன்’ என்றே அந்தப் பிரிவு பேசுகிறது. அதாவது வருமானமற்ற கணவன், வருமானமுள்ள மனைவியிடம் கோரவும் இடமுண்டு. பார்சி திருமணச் சட்டமும் இவ்வாறே இரு பாலருக்கும் பொதுவானது. சிறப்புத் திருமணச் சட்டம், 1954-இன் 36-ஆவது பிரிவும், கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டு விவாகரத்துச் சட்டத்தின் 36-ஆவது பிரிவும் மனைவிக்கு மட்டுமே இந்த உரிமையைத் தருகின்றன.

விவாகரத்து வழக்கே இல்லாதபோதும் ஜீவனாம்சம் கோரலாம். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு எல்லா மதத்தினருக்கும் பொதுவானதாக இருந்தது. 2024 ஜூலை 1 முதல் அதன் இடத்தில் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 144-ஆவது பிரிவு நடைமுறையில் உள்ளது. எண் மாறினாலும் உரிமையின் சாரம் மாறவில்லை. கைவிடப்பட்ட மனைவி, குழந்தைகள், தம்மைக் காத்துக்கொள்ள இயலாத பெற்றோர் ஆகியோர் இதன் கீழ் வருவர். இங்கும் இடைக்கால மனுவுக்கு 60 நாள் கெடுவே குறிக்கப்பட்டுள்ளது.

மூன்றாவது வழி, குடும்ப வன்முறையிலிருந்து பெண்களைப் பாதுகாக்கும் சட்டம், 2005. அதன் 20-ஆவது பிரிவு பண நிவாரணத்துக்கும், 23-ஆவது பிரிவு இடைக்கால உத்தரவுக்கும் வழி செய்கின்றன. அவசியமானால் எதிர்த்தரப்பு வருமுன்னரே, மனுதாரரின் பிரமாணப் பத்திரத்தை மட்டும் வைத்து மாஜிஸ்திரேட் உத்தரவிடலாம். இவை தவிர இந்து தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டம், 1956-இன் 18-ஆவது பிரிவும் உள்ளது.

ஒன்றுக்கு மேற்பட்ட சட்டங்களின் கீழ் மனு செய்வதற்குத் தடை இல்லை. ஆனால் ஒரு நீதிமன்றம் விதித்த தொகையை அடுத்த நீதிமன்றத்தில் மறைக்கக் கூடாது. முந்தைய தொகை பிந்தையதில் கழித்துக்கொள்ளப்படும். ஒரே தேவைக்கு இரட்டை வசூல் ஆகிவிடக் கூடாது என்பதற்காக உச்சநீதிமன்றம் வகுத்த ஏற்பாடு இது.

ஐந்நூறு ரூபாயிலிருந்து

இன்று இயல்பாகத் தோன்றும் இந்த உரிமை எளிதில் வந்ததன்று. 1973-ஆம் ஆண்டு குற்றவியல் நடைமுறைச் சட்டம் மாதத்துக்கு 500 ரூபாய் என்ற உச்சவரம்பை விதித்திருந்தது. மனைவிக்கும் குழந்தைகளுக்கும் சேர்த்தே 500 ரூபாய்தான் என்று வாதிட்டவர்களும் இருந்தனர். 1978-இல் இந்த வாதத்தை நிராகரித்த உச்சநீதிமன்றம், உச்சவரம்பு ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பொருந்தும் என்றது. அந்தத் தீர்ப்பை எழுதிய நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் சிறப்பு ஏற்பாடு செய்ய அனுமதிக்கும் அரசியல் சட்டத்தின் 15(3) பிரிவோடு ஜீவனாம்சத்தை இணைத்துப் பார்த்தார். கணவனின் கருணையாகக் கருதப்பட்டு வந்தது அரசியல் சட்டத்தின் சமூகநீதிக் கடமையாக உயர்ந்தது அங்கேதான்.

அப்போதும் ஓர் ஓட்டை இருந்தது. 125-ஆவது பிரிவில் இடைக்கால உத்தரவு குறித்து ஒரு சொல்கூட இல்லை. இறுதி உத்தரவு வரும்வரை மனைவி என்ன செய்வாள் என்ற கேள்விக்குச் சட்டம் மௌனம் காத்தது. 1985-இல் நீதிபதி இ.எஸ். வெங்கடராமய்யா இடம்பெற்ற அமர்வு அந்த மௌனத்தைக் கலைத்தது. ஜீவனாம்சம் வழங்கும் அதிகாரம் உள்ள மாஜிஸ்திரேட்டுக்கு, விசாரணை முடியும்வரை இடைக்காலத் தொகை வழங்கும் அதிகாரமும் உள்ளடங்கியே இருக்கிறது என்று அது தீர்ப்பளித்தது. சட்டத்தின் எழுத்தில் இல்லாததை அதன் நோக்கத்திலிருந்து எடுத்துத் தந்த தீர்ப்பு அது.

அதே 1985-இல்தான் ஷா பானு வழக்கின் தீர்ப்பும் வந்தது. விவாகரத்தான முஸ்லிம் பெண்ணும் 125-ஆவது பிரிவின் கீழ் ஜீவனாம்சம் கோரலாம் என்ற அந்தத் தீர்ப்பும், 1986-ஆம் ஆண்டுச் சட்டமும் எழுப்பிய அரசியல் புயலைத் தேசம் மறக்கவில்லை. ஏறக்குறைய நாற்பது ஆண்டுகளுக்குப் பின், 2024 ஜூலை 10 அன்று நீதிபதிகள் பி.வி. நாகரத்னா, அகஸ்டின் ஜார்ஜ் மாசி ஆகியோர் அடங்கிய அமர்வு இந்த உரிமையை ஐயத்துக்கு இடமின்றி மீண்டும் உறுதி செய்தது. தெலங்கானாவிலிருந்து வந்த அந்த மேல்முறையீட்டின் அடியிலும் இருந்தது ஓர் இடைக்கால உத்தரவுதான். குடும்பநல நீதிமன்றம் மாதம் 20 ஆயிரம் ரூபாய் என்றது. உயர்நீதிமன்றம் அதை 10 ஆயிரமாகக் குறைத்தது. அதையும் எதிர்த்து வழக்கு தில்லி வரை வந்தது.

500 ரூபாய் உச்சவரம்பு 2001-இல்தான் நீக்கப்பட்டது. இடைக்கால ஜீவனாம்சம் சட்டத்தின் எழுத்திலேயே ஏறியதும், 60 நாள் கெடு வந்ததும் அப்போதுதான். இந்துத் திருமணச் சட்டத்தின் 24-ஆவது பிரிவிலும் அதே ஆண்டில் அதே கெடு சேர்க்கப்பட்டது.

தாமதம் யாருக்கு லாபம்?

அறுபது நாளில் முடிய வேண்டிய மனு எப்படி நீள்கிறது? முதலில் நோட்டீஸ். எதிர்த்தரப்பு முகவரி மாறியிருக்கும். அல்லது வாங்க மறுக்கும். 60 நாள் கெடு தொடங்குவதே நோட்டீஸ் சென்று சேர்ந்த நாளிலிருந்துதான் என்பதால், சேராத நோட்டீஸுக்குக் கெடுவே இல்லை. அடுத்து, பதில் மனுவுக்கு அவகாசம். பிறகு சமரசப் பேச்சு. அது தோல்வி கண்டால் வருமான விவரம் கேட்டு ஒரு வாய்தா, அதற்கு ஆட்சேபம் தெரிவிக்க இன்னொன்று. இடையில் நீதிபதி இடமாற்றம். கணவன் ஒரு மாநிலத்திலும் மனைவி வேறு மாநிலத்திலும் இருந்தால் வழக்கை மாற்றக் கோரி உச்சநீதிமன்றத்தில் தனி மனு. உத்தரவு ஒருவழியாக வந்தாலும் உயர்நீதிமன்றத்தில் அதன் மீது தடை கோரலாம்.

இவை ஒவ்வொன்றும் சட்டம் அனுமதிக்கும் நடவடிக்கைதான். ஆனால் எல்லாம் சேர்ந்தால், கையில் பணம் உள்ளவருக்குக் காலம் துணைவனாகவும் இல்லாதவருக்குப் பகைவனாகவும் ஆகிவிடுகிறது.

இதை ஒரு கணக்கில் காணலாம். மாதம் 10 ஆயிரம் ரூபாய் இடைக்கால ஜீவனாம்சம் விதிக்கப்படுகிறது. மனு முடிவாக 30 மாதங்கள் ஆயின என்று வைத்துக்கொள்வோம். தொகை மனு செய்த நாளிலிருந்து என்றால், நிலுவை மட்டும் 3 லட்சம் ரூபாய். உத்தரவு நாளிலிருந்து என்றால் அந்த 3 லட்சம் மனைவிக்கு இல்லை, கணவனுக்கு மிச்சம். பழைய 125-ஆவது பிரிவு இரண்டுக்கும் இடம் வைத்திருந்ததால் நீதிமன்றத்துக்கு நீதிமன்றம் வழக்கம் மாறுபட்டது. உத்தரவு நாளைக் கணக்கில் கொண்ட இடங்களில், இழுத்தடிப்பதற்கே சட்டம் பரிசு கொடுத்தது போலாயிற்று.

பணத்தைவிடப் பெரிய இழப்பு ஒன்றும் உண்டு. கையில் காசில்லாத தரப்பு, தன் நியாயத்தை நிரூபிக்கும் வரை தாக்குப்பிடிப்பதில்லை. கடனும் அவமானமும் ஏறிய நிலையில், கிடைத்த தொகைக்குச் சம்மதித்துப் பரஸ்பர விவாகரத்தில் கையெழுத்திட்டு வெளியேறும் நிலை வருகிறது. அவ்வாறு முடியும் வழக்கு ஆவணத்தில் ‘சமரசம்’ என்றே பதிவாகும். இடைக்கால ஜீவனாம்சம் ஒரு சில்லறை உத்தரவு போலத் தோன்றினாலும், பல வழக்குகளின் முடிவை உண்மையில் தீர்மானிப்பது அதுதான்.

நாகபுரியிலிருந்து வந்த வழக்கு

இந்த நிலையை உச்சநீதிமன்றம் நேருக்கு நேர் எதிர்கொண்டது 2020-இல். நாகபுரியைச் சேர்ந்த ஒரு பெண், குழந்தை பிறந்த சிறிது காலத்தில், 2013 ஜனவரியில் கணவன் வீட்டிலிருந்து வெளியேறினார். அதே ஆண்டு செப்டம்பரில் தமக்கும் குழந்தைக்கும் இடைக்கால ஜீவனாம்சம் கோரினார். குடும்பநல நீதிமன்றம் உத்தரவிட்டது 2015 ஆகஸ்டில்: மனைவிக்கு மாதம் 15 ஆயிரம், மகனுக்கு முதலில் 5 ஆயிரம், பின்னர் 10 ஆயிரம். இதை எதிர்த்த கணவனின் மனுவை மும்பை உயர்நீதிமன்றத்தின் நாகபுரி கிளை 2018-இல் தள்ளுபடி செய்தது. வழக்கு தில்லிக்கு வந்தது. பிறந்த குழந்தை பள்ளி செல்லும் வயதை அடைந்த பின்னும், பேச்சு ‘இடைக்கால’த் தொகையைப் பற்றியே நடந்தது.

2020 நவம்பர் 4 அன்று நீதிபதிகள் இந்து மல்ஹோத்ரா, ஆர். சுபாஷ் ரெட்டி ஆகியோர் அளித்த தீர்ப்பு, இந்த ஒரு குடும்பத்தின் கணக்கோடு நிற்கவில்லை. மூத்த வழக்கறிஞர்கள் அனிதா ஷெனாய், கோபால் சங்கரநாராயணன் ஆகியோரை நீதிமன்றத்துக்கு உதவுமாறு கேட்டுக்கொண்டு, நாடு முழுவதற்குமான நெறிமுறைகளை அது வகுத்தது.

அவற்றுள் முதலாவது, இரு தரப்பும் சொத்து, வருமானம், கடன், செலவு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரமாகத் தாக்கல் செய்ய வேண்டும் என்பது. விவசாயிகளுக்குத் தனிப் படிவம். வறுமைக் கோட்டுக்குக் கீழ் உள்ளோருக்கும் தினக்கூலிகளுக்கும் இதிலிருந்து விலக்கு. எதிர்த்தரப்பு நான்கு வாரங்களுக்குள் பதில் தர வேண்டும். இரண்டு வாய்தாவுக்கு மேல் இல்லை. வேண்டுமென்றே இழுத்தடிப்போரின் எதிர்வாதத்தை நீக்கவும் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. பத்திரங்கள் தாக்கலான பின் நான்கு முதல் ஆறு மாதங்களுக்குள், காரணங்களைக் குறிப்பிட்டு இடைக்கால உத்தரவு பிறப்பிக்க முயல வேண்டும்.

எல்லாவற்றிலும் முக்கியமானது இது: ஜீவனாம்சம் மனு செய்த நாளிலிருந்தே கணக்கிடப்பட வேண்டும். இழுத்தடிப்புக்குப் பரிசு கிடைத்துவந்த கதவு இந்த ஒரு வரியால் அடைக்கப்பட்டது.

நெறிமுறைகளிலேயே ஒரு முரணும் உண்டு. நாடாளுமன்றம் சொன்னது 60 நாள். நடப்பு நிலவரத்தை அறிந்த உச்சநீதிமன்றம் சொன்னதோ பத்திரங்கள் வந்த பின் நான்கு முதல் ஆறு மாதம். சட்டத்தின் கெடு நடைமுறையில் கைக்கு எட்டாததாகிவிட்டது என்பதற்கு நாட்டின் உயர்ந்த நீதிமன்றமே தந்த சான்றாக இதைக் கொள்ளலாம்.

எவ்வளவு என்பது எப்படி?

தொகைக்குச் சட்டத்தில் வாய்ப்பாடு கிடையாது. இரு தரப்பின் சமூக நிலை, நியாயமான தேவைகள், மனைவியின் கல்வி, திருமணத்துக்கு முன் வேலை பார்த்தாரா, குடும்பத்துக்காக அதைத் துறந்தாரா, கணவனின் வருமானம், அவர் காப்பாற்ற வேண்டிய பிறர் ஆகிய அனைத்தையும் நீதிமன்றம் எடைபோட வேண்டும். தொகை, கொடுப்பவரை நசுக்கும் அளவுக்கு மிகுதியாகவும் கூடாது. வாங்குபவரை வறுமையில் தள்ளும் அளவுக்குக் குறைவாகவும் கூடாது.

2017-இல் ஒரு வழக்கில், கணவனின் நிகர ஊதியத்தில் 25 சதவீதம் நியாயமானது என்று உச்சநீதிமன்றம் கூறியது. வழக்கறிஞர்கள் அடிக்கடி எடுத்துக்காட்டும் அளவுகோலாக இது இருப்பினும், சட்ட விதி அன்று. தில்லி உயர்நீதிமன்றம் 2004-இல் வேறொரு வழியைக் காட்டியது. குடும்ப வருமானத்தைப் பங்குகளாகப் பிரித்து, சம்பாதிப்பவருக்கு இரண்டு, மற்ற ஒவ்வொருவருக்கும் ஒன்று என்பது அதன் கணக்கு.

ஆனால் எந்தக் கணக்கும் வருமானம் தெரிந்தால்தான் செல்லும். மாதச் சம்பளக்காரரின் ஊதியச் சீட்டை மறைப்பது கடினம். சொந்தத் தொழில் செய்பவர், ரொக்கத்தில் வரவு செலவு பார்ப்பவர், சொத்தைச் சகோதரர் பெயருக்கு மாற்றியவர் ஆகியோரின் உண்மை வருமானத்தை மனைவி எப்படி நிரூபிப்பாள்? மனு செய்வோர் கூட்டிச் சொல்வதும், எதிர்ப்போர் குறைத்துச் சொல்வதும் வழக்கமாகிவிட, நடுவில் நீதிபதி ஊகித்துத் தொகை நிர்ணயிக்க வேண்டியிருந்தது. இந்த ஊக விளையாட்டுக்கு முடிவு கட்டும் முயற்சி தில்லியில்தான் வேர்கொண்டது. தில்லி உயர்நீதிமன்ற நீதிபதி ஜே.ஆர். மிதா, 2014 தொடங்கி 2020 வரை அடுத்தடுத்த உத்தரவுகளில் விரிவான பிரமாணப் பத்திரப் படிவத்தைச் செப்பனிட்டார். வங்கிக் கணக்கும் வருமான வரிக் கணக்கும் முதல் அன்றாட வாழ்க்கைச் செலவு வரை அதில் இடம்பெற்றன. தேசம் முழுமைக்குமான 2020 நெறிமுறைகளுக்கு முன்னோடி அதுவே.

மறுதரப்பின் குறை

ஜீவனாம்சச் சட்டங்கள் ஆண்களை ஒடுக்கும் கருவியாகிவிட்டன என்ற குரலும் வலுத்து வருகிறது. 2024 டிசம்பரில் பெங்களூரில் மென்பொருள் பொறியாளர் ஒருவர் தற்கொலை செய்துகொண்டபின் இந்த விவாதம் நாடெங்கும் எழுந்தது. ஒரே சமயத்தில் பல நீதிமன்றங்களில் வழக்கு, மிகைப்படுத்திய கோரிக்கை, படித்து வேலை பார்க்கும் தகுதி இருந்தும் வீட்டில் இருந்துகொண்டு தொகை கேட்பது ஆகியவை இத்தரப்பின் புகார்கள்.

இவற்றை வெறும் கூச்சல் என்று தள்ளிவிட முடியாது. தகுதியும் அனுபவமும் உள்ள பெண், ஜீவனாம்சத்துக்காக மட்டுமே வேலையின்றி இருப்பதைச் சட்டம் ஊக்குவிக்காது என்று தில்லி உயர்நீதிமன்றம் 2025 மார்ச்சில் கூறியது. மறுபுறம், சம்பாதிக்கும் திறன் இருப்பதும் உண்மையில் சம்பாதிப்பதும் வெவ்வேறு என்று உச்சநீதிமன்றம் ஏற்கெனவே தெளிவுபடுத்தியுள்ளது. பத்தாண்டுகள் குழந்தை வளர்ப்பில் கழித்த பட்டதாரியிடம், பட்டம் இருக்கிறதே என்று கேட்பது எளிது. அந்தப் பட்டத்துக்கு இன்று வேலை தருபவர் யார் என்ற கேள்விக்கு விடை வேண்டும். உடல் நலமுள்ள கணவன், வேலை இல்லை என்று கைவிரித்துவிட முடியாது. உடலுழைப்பால் ஈட்டியேனும் காப்பாற்ற வேண்டும் என்று 2022 செப்டம்பரில் உச்சநீதிமன்றம் கூறியதையும் இதனுடன் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

இரு தரப்பின் குறைக்கும் மருந்து ஒன்றே என்பதுதான் கவனிக்கத்தக்கது. வருமானத்தை மறைக்கும் கணவனையும், வேலையை மறைக்கும் மனைவியையும் ஒரே பிரமாணப் பத்திரம் பிடித்துவிடும். நேர்மையான கணவனுக்கும் அது கவசம்தான். ஊகத்தின் பேரில் தாங்க முடியாத தொகை விதிக்கப்படாது. விரைவான முடிவும் அவ்வாறே. பல ஆண்டுகள் குவிந்த நிலுவை ஒரே நாளில் லட்சக்கணக்கில் தலையில் விழுவதைக் காட்டிலும், இரண்டாவது மாதத்திலேயே தெளிவான தொகை தெரிந்துவிடுவது கொடுப்பவருக்கும் நல்லதே.

உத்தரவுக்குப் பின்னும் வழக்கு

உத்தரவு கைக்கு வந்தால் பணம் கைக்கு வந்ததாக ஆகாது. கட்டத் தவறினால் பொது ஜீவனாம்சச் சட்டத்தின் கீழ் வாரண்ட் பிறப்பித்து, ஒவ்வொரு மாத நிலுவைக்கும் ஒரு மாதம் வரை சிறையிலடைக்கலாம். சிறை சென்றதால் கடன் தீர்ந்துவிடாது என்பதை 1980-களின் இறுதியிலேயே உச்சநீதிமன்றம் கூறிவிட்டது. ஆனால் நிலுவை சேர்ந்த ஓராண்டுக்குள் மனு செய்தால்தான் வாரண்ட் என்ற நிபந்தனை உண்டு. அதை அறியாமல் உரிமை இழப்போர் உண்டு. உரிமையியல் சட்டப்படி, ஜீவனாம்சத்துக்காக ஊதியத்தில் மூன்றில் இரண்டு பங்கு வரை ஜப்தி செய்யலாம். நிரந்தரச் சம்பளமே இல்லாத கோடிக்கணக்கானோர் வாழும் நாட்டில் இந்த வழி எத்தனை பேருக்குப் பயன்படும் என்பது வேறு விஷயம்.

வேறு மாநிலத்துக் காவல் நிலையத்துக்கு அனுப்பப்படும் வாரண்ட், ‘ஆள் இல்லை’ என்ற குறிப்போடு திரும்பி வந்தால், பயணச் செலவுக்குக் கடன் வாங்கிய பெண் மீண்டும் அடுத்த வாய்தாவுக்குக் காத்திருக்க வேண்டியதுதான்.

நெறிமுறைகள் வந்து மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2023 நவம்பரில், நீதிபதிகள் விக்ரம் நாத், ராஜேஷ் பிண்டல் அமர்வு ஒரு வழக்கில் கண்டது ஏமாற்றமளிப்பதாக இருந்தது. பிரமாணப் பத்திரங்கள் இல்லாமலேயே ஜீவனாம்ச வழக்குகள் தீர்க்கப்பட்டு வந்தன. 2020 தீர்ப்பை எல்லா உயர்நீதிமன்றங்களுக்கும் மீண்டும் அனுப்புமாறு அமர்வு உத்தரவிட நேர்ந்தது. நாட்டின் உச்சநீதிமன்றம் தன் தீர்ப்பை மறுபடியும் நினைவூட்ட வேண்டியிருந்தது என்றால், தாலுகா ஊரின் நீதிமன்றத்தில் நிற்கும் பெண்ணின் நிலையை ஊகித்துக்கொள்ளலாம்.

ஆயினும் உரிமையின் எல்லை விரிந்தே வருகிறது. 2025 பிப்ரவரி 12 அன்று நீதிபதிகள் அபய் எஸ். ஓகா, அஹ்சானுதீன் அமானுல்லா, அகஸ்டின் ஜார்ஜ் மாசி ஆகிய மூவர் அமர்வு, செல்லாத திருமணம் என்று வாதிடப்படும் வழக்கிலும் நீதிமன்றம் தன் விருப்புரிமைப்படி இடைக்கால ஜீவனாம்சம் வழங்கலாம் என்று தீர்ப்பளித்தது. இத்தகைய பெண்ணைக் குறிக்க முன்னொரு தீர்ப்பு பயன்படுத்திய ‘முறைகேடான மனைவி’ என்ற பொருள்படும் சொல்லையும் அது கண்டித்தது.

என்ன செய்யலாம்?

புதிய சட்டத்தைவிட, இருக்கும் சட்டத்தின் அமலே இன்றைய தேவை. முதல் விசாரணை நாளிலேயே, கையிலுள்ள ஆவணங்களை வைத்துத் தற்காலிகமாக ஒரு தொகையை விதித்துவிட்டு, முழு விவரம் வந்த பின் கூட்டவோ குறைக்கவோ செய்யலாம். 1985 தீர்ப்பின் நோக்கமே அதுதான். அவ்வாறு செய்தால் தாமதத்தால் பயன்பெறும் தரப்பே விசாரணையை விரைவுபடுத்தக் கேட்கும் நிலை வரும். தொகை நேரே வங்கிக் கணக்கில் செலுத்தப்பட்டால், கொடுத்தேன், வாங்கவில்லை என்ற வழக்கு குறையும். ஒவ்வொரு குடும்பநல நீதிமன்றமும் 60 நாள் கெடுவைத் தாண்டிய இடைக்கால மனுக்களின் எண்ணிக்கையை மாதந்தோறும் வெளியிட்டால், நீதிபதிகள் பற்றாக்குறை எங்கே, இழுத்தடிப்பு எங்கே என்பது பொதுமக்களுக்குத் தெரியும்.

ஜெர்மனியில், பிரிந்து வாழும் பெற்றோர் குழந்தைக்குரிய பராமரிப்புத் தொகையைத் தராவிட்டால், அரசே முன்பணமாகக் கொடுத்துவிட்டுப் பின்னர் அவரிடம் வசூலிக்கும் ஏற்பாடு 1980 முதல் நடப்பில் உள்ளது. வரியையும் அபராதத்தையும் வசூலிக்கத் தெரிந்த அரசுக்கு, குழந்தையின் ஜீவனாம்சத்தை வசூலிப்பது இயலாத காரியமன்று. இந்தியாவில் இதைப் பற்றிய விவாதமாவது தொடங்கப்பட வேண்டும்.

அதுவரை, உரிமையை அறிந்திருப்பதே முதல் பாதுகாப்பு. சட்டப் பணிகள் ஆணையச் சட்டம், 1987-இன்படி, வருமானம் எதுவாயினும் எல்லாப் பெண்களுக்கும் இலவச சட்ட உதவி உண்டு. 15100 என்ற எண்ணில் தொடர்பு கொள்ளலாம். விவாகரத்து வழக்கைத் தான் வசிக்கும் ஊர் நீதிமன்றத்திலேயே தொடர மனைவிக்கு 2003-ஆம் ஆண்டுத் திருத்தம் வழி செய்துள்ளது. மனு செய்த நாளிலிருந்தே தொகை கணக்கிடப்படும் என்பதால், சமரசப் பேச்சு முடியட்டும் என்று மனுவைத் தள்ளிப்போடுவதில் பயனில்லை. பேச்சும் நடக்கலாம், மனுவும் நிலுவையில் இருக்கலாம்.

திருமணம் ஏன் முறிந்தது என்பதில் இருவருக்கும் இரு நியாயங்கள் இருக்கக்கூடும். அதை நீதிமன்றம் நிதானமாகவே ஆராயட்டும். ஆனால் பசிக்கு முன்தேதியிட்டு உணவளிக்க முடியாது. 2013-இல் கேட்ட பால் பணம் 2020-இல் வந்தால், அது கணக்கில் நிலுவை தீர்ந்ததாக இருக்கும், குழந்தை வளர்ந்துவிட்டிருக்கும். அறுபது நாள் என்று நாடாளுமன்றம் எண்ணிச் சொன்னதன் பொருள் இதுதான். அந்த எண்ணிக்கையை நீதிமன்றங்களும் எண்ணத் தொடங்க வேண்டும்.